வெட்டி எடுத்த கல்லீரல் சொன்னதை எங்களுக்கும் சொல்லுங்கள்

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துக்கும், கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்யும் மருத்துவக் குழுக்களுக்கும் மதுரையிலிருந்து எழுதுகிறேன்.

வணக்கம்.

சென்னையிலிருந்து திரும்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸில், விழுப்புரம் தாண்டி எல்லாரும் விளக்கை அணைத்துப் படுத்துவிட்ட பிறகு, செல்போன் வெளிச்சத்தில் நான்கு பக்க ரிப்போர்ட் ஒன்றைப் படித்தேன். என் அண்ணன் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த பழைய கல்லீரலைப் பற்றிய ரிப்போர்ட். ஆபரேஷன் முடிந்து பதினேழு மாதம் கழித்து, ஆவணப் பிரிவில் மனு எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, இரண்டு தடவை அலைந்து வாங்கியது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் புற்றணுக்கள் காணப்படுகின்றன. திருச்சி வரும்வரை நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்: நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கே தெரியாமல் பதினேழு மாதம் ஓடியிருக்கிறது என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியை மஞ்சள் பையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணனுடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விஷயம் ஒரே வரிதான்: எடுத்த கல்லீரலில் புற்றுநோய் உறுதி செய்யப்பட்டது. அது எங்களுக்கு முன்பே தெரியும். அதற்காகத்தானே ஆபரேஷன்.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. ஆபரேஷன் செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள். அண்ணன் இன்று திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது அவர்கள் புண்ணியம். ஆனால் எனக்குத் தெரிந்த வேறு இரண்டு குடும்பங்களிலும் இதே கதையைக் கேட்டதால்தான் இதை எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் கடலை மண்டி. 2009-இல் அண்ணியின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாததால் மாத்திரையைக் கொஞ்ச நாள் சாப்பிட்டார், கொஞ்ச நாள் விட்டார், நடுவில் ஒரு வருஷம் கீழாநெல்லி. கீழாநெல்லியைக் கிண்டல் செய்பவள் இல்லை நான். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் குழு அதை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதியது. அந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். ஆனால் அடுத்தடுத்து வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. இந்தப் பின்பாதிக் கதையை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2021 கடைசியில் வயிறு உப்பிக்கொண்டே போய், மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது இரண்டு கட்டி. சி.டி.யில் ஒன்று 3.4 சென்டிமீட்டர், இன்னொன்று 2.1. கல்லீரல் புற்றில் ரத்தத்தில் ஏறும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் 212 நானோகிராம். சென்னையில் முதல்தடவை பார்த்த டாக்டர், "மிலான் அளவைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிப் பார்ப்போம், சுருங்கினால் மாற்று ஆபரேஷன்" என்றார். அண்ணனுக்குக் காதில் விழுந்தது கடைசி இரண்டு வார்த்தை மட்டும்தான்.

மிலான் அளவு என்றால் என்ன என்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் மஸ்ஸஃபெரோ என்ற அறுவை மருத்துவரின் குழு வகுத்தது. ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், அதற்குமேல் என்றால் மூன்று கட்டிக்குள், ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். பெரிய ரத்தக் குழாயில் இறங்கியிருக்கக் கூடாது, கல்லீரலைத் தாண்டியிருக்கக் கூடாது. இப்படித் தேர்ந்தெடுத்த 48 பேரில் முக்கால்வாசிப் பேர் நான்கு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அதுவரை கல்லீரல் புற்றுக்கு மாற்று ஆபரேஷன் வீண் என்று கைவிட்டிருந்த உலகம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. என்னைக் கேட்டால் முக்கியமானது அதுதான். ஸ்கேனில் அளவுக்குள் இருந்த அந்த 48 பேரின் கல்லீரலை எடுத்தபின் அறுத்துப் பார்த்தால், 13 பேருக்கு அளவு தாண்டியிருந்தது. உண்மையிலேயே அளவுக்குள் இருந்த 35 பேரில் 92 சதவீதம் பேருக்கு நான்கு வருஷத்துக்கு நோய் திரும்பவில்லை. அந்த 13 பேரில் அது 59 சதவீதம்தான். ஸ்கேன் சொன்னதை விட வெட்டி எடுத்த கல்லீரல் அதிகம் சொல்கிறது என்பது முதல் நாளிலேயே தெரிந்த சங்கதி.

கட்டியின் நீள அகலம் அதன் குணத்தைச் சொல்லாது. ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தும் இருந்த இடத்திலேயே கிடக்கும் கட்டி உண்டு. இரண்டு சென்டிமீட்டரிலேயே ரத்தத்தில் ஆள் அனுப்பிவிடும் கட்டியும் உண்டு. குணத்தைக் காட்டிக்கொடுக்கத்தான் மூலக்கூறு அடையாளங்களைத் தேடுகிறார்கள். அதில் முதலாவது, எங்கள் கூடத்திலேயே தினமும் பார்த்த ஏ.எஃப்.பி. வயிற்றில் இருக்கும் சிசுவின் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. பிறந்தபின் அடங்கிவிடும். புற்றாக மாறிய கல்லீரல் செல், தான் சிசுவாக இருந்தபோது செய்த வேலையை மறுபடி ஆரம்பிக்கிறது. 1963-இல் எலியிலும், 1964-இல் மனிதரிலும் ரஷ்யர்கள் கண்டுபிடித்தது.

இந்த ஏ.எஃப்.பி.யிலேயே எல்3 என்று ஒரு பகுதி உண்டு. புற்றுக்கட்டி சுரக்கும் ஏ.எஃப்.பி.யில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அதைப் பிரித்துப் பிடிக்க எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? மைசூர் பருப்பு. அந்தப் பருப்பில் உள்ள ஒரு புரதத்துக்கு இந்தச் சர்க்கரையைத்தான் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட அன்று, வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

இன்னொன்று பிவ்கா-2. ரத்தம் உறைவதற்கான புரோத்ராம்பினைக் கல்லீரல் செய்யும்போது கடைசி வேலையை வைட்டமின் கே முடித்துவைக்க வேண்டும். புற்றணு அரைகுறையாகச் செய்து வெளியே தள்ளிவிடும். அந்த அரைகுறைச் சரக்குதான் பிவ்கா. வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும், மஞ்சள் காமாலையில் வைட்டமின் கே குறைந்தவர்களுக்கும் புற்று இல்லாமலேயே ஏறும் என்பதால் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் இது ஏறியிருக்கும் கட்டிகள் நுண்ணிய ரத்தக் குழாய்க்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஜப்பானில் கியோட்டோ குழு, பத்துக் கட்டி வரை, எதுவும் 5 சென்டிமீட்டரைத் தாண்டாமல், பிவ்கா 400-க்குள் இருந்தால் மாற்றலாம் என்று எல்லை வகுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 2012-இல் கட்டியின் அளவு, எண்ணிக்கையோடு ஏ.எஃப்.பி.யையும் கூட்டி மதிப்பெண் போட்டார்கள். மிலான் அளவை வகுத்த மஸ்ஸஃபெரோவே 2018-இல் ஏ.எஃப்.பி.யைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார்.

ஜப்பான்காரர்களை நான் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. அங்கேயும் நம் நாட்டிலும் கல்லீரல் மாற்றில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் கொடுப்பவை. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் என்றால் பொதுவான வரிசை உண்டு, யாருக்குக் கொடுப்பது என்று ஊரே கேட்கும். வீட்டுக்குள் கொடுப்பதற்கு வரிசை கிடையாது. பிள்ளை கொடுக்கிறேன் என்கிறான், அப்பா வாங்கிக்கொள்கிறார், யார் கேட்பது? அதனால்தான் அளவைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள மனசு வருகிறது. எங்கள் வீட்டில் கொடுத்தது அண்ணன் மகன். 27 வயசு. அப்போதுதான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வலதுபக்கக் கல்லீரல், மொத்தத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம். கொடுப்பவரின் உயிருக்கும் ஆபத்து உண்டு, வலதுபக்கம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் என்கிறார்கள். இதைச் சொல்லித்தான் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள், குறை இல்லை. ஆனால் அப்பாவுக்கு நோய் திரும்ப எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு எண்ணாக அவனிடம் யாரும் சொல்லவில்லை. பிவ்கா பார்க்கவே இல்லை. நானும் கேட்கவில்லை, அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

கையெழுத்துக்கு முந்தின ராத்திரி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏத்தா, நீ ரத்தம் பாக்குறவளாச்சே. இது திரும்ப வருமா? வரும்னா சொல்லிரு, பயலைக் கீற வேணாம்." நான், "அப்படியெல்லாம் வராதுண்ணே, மருந்து ஏத்துனதுல ஏ.எஃப்.பி. 212-லிருந்து 38-க்கு எறங்கிருச்சுல்ல" என்றேன். பொய் இல்லை. மருந்துக்கு அடங்கும் கட்டி நல்ல சகுனம்தான், டாக்டர்களும் அதையேதான் பார்க்கிறார்கள். ஆனால் முழு உண்மையும் இல்லை.

எண் தெரிந்திருந்தால் அண்ணன் மகன் அன்றைக்குக் கொடுக்காமல் இருந்திருப்பான் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எண்ணைக் கேட்டுவிட்டுக் கொடுப்பவர்கள் இல்லை. ஆனால் கேட்டுவிட்டுக் கொடுப்பதும் கேட்காமல் கொடுப்பதும் ஒன்றா?

2022 வைகாசியில் ஆபரேஷன் நடந்தது. அடுத்த சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம். கூட்டம் ஆகாது என்று டி.வி. முன்னால் உட்காரவைத்தோம். எதிர்சேவை அன்றைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தவர் மதுரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இனி எண்களின் கதை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி., ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சென்னை 460 கிலோமீட்டர். அதனால் ரத்தத்தை ஊரிலேயே கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று ஏற்பாடு. முதல் தடவை 5.1. அடுத்த தடவை வேறு கூடம், 6.3. ஏறிவிட்டது என்று வீடே அழுதது. நான் இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். முதலாவது யூனிட் கணக்கு, இரண்டாவது நானோகிராம். ஏ.எஃப்.பி.யில் ஒரு சர்வதேச யூனிட் என்பது 1.21 நானோகிராம். 5.1-ஐப் பெருக்கினால் 6.2. ஏறவே இல்லை. எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து, என் படிப்பைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெருமை நிலைக்கவில்லை. பத்தாவது மாதம் 9.8. பதின்மூன்றாவது மாதம் 9.6. அப்போது நான் மகளின் பேறுகாலத்துக்குப் பெங்களூரில் இருந்தேன். அண்ணன் மகன் எண்ணை மட்டும் டைப் செய்து அனுப்பினான், "குறைஞ்சிருக்கு அத்தை" என்று. நானும் கைகூப்பும் பொம்மையை அனுப்பினேன். ஊருக்கு வந்து காகிதத்தைப் பார்த்தால், 9.8 நானோகிராம், 9.6 யூனிட். அதாவது 11.6. குறையவில்லை, ஏறியிருந்தது. மூன்று மாதம் கழித்து 41. நெஞ்சு சி.டி. எடுத்தார்கள். வலது நுரையீரலில் இரண்டு புள்ளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வயிற்று ஸ்கேன் அதைப் பார்த்திருக்கவே முடியாது. இந்த நோய் திரும்பும்போது புதுக் கல்லீரலில் மட்டும் வருவதில்லை, நுரையீரலிலும் எலும்பிலும் வரும்.

அதற்குப் பிறகுதான் நான் சென்னை போய் அந்த நான்கு பக்கத்தை வாங்கினேன். 2017-இல் அமெரிக்க, கனடா மருத்துவர்கள் நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்க ரீட்ரீட் என்று ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அதைப் போட மூன்று விஷயம் போதும். ஆபரேஷன் நேரத்தில் ஏ.எஃப்.பி. எவ்வளவு, வெட்டி எடுத்த கல்லீரலில் நுண்ணிய ரத்தக் குழாய்க்குள் புற்று இருந்ததா, உயிரோடு இருந்த கட்டிகளில் பெரியதன் அளவையும் எண்ணிக்கையையும் கூட்டினால் எவ்வளவு. ரயிலிலேயே விரல்விட்டு எண்ணினேன். ஏ.எஃப்.பி. 38, அதற்கு 1. ரத்தக் குழாயில் இருந்தது, அதற்கு 2. மருந்து ஏற்றியபின் எடுத்த ஸ்கேன் 2.6 என்று சொன்ன கட்டி அறுத்துப் பார்த்தபோது 3.2, இரண்டு கட்டியிலும் உயிர் இருந்தது, ஆக 3.2-உம் 2-உம் 5.2, அதற்கு 2. மொத்தம் 5. பூஜ்யம் எடுத்தவர்களுக்கு ஐந்து வருஷத்தில் நோய் திரும்பியது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. 5-உம் அதற்கு மேலும் எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குத் திரும்பியது. அப்படிப்பட்டவர்களை முதல் இரண்டு வருஷம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், நெஞ்சையும் சேர்த்து. ஸ்கேனில் மிலான் அளவுக்குள் இருந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அண்ணன் மாதிரி முதலில் தாண்டி, பிறகு சுருக்கி உள்ளே வந்தவர்களுக்கு அப்படியே பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அப்படிப்பட்டவருக்குக் கவனம் கூடுதலாகத்தானே வேண்டும்?

மூன்று எண். ஆபரேஷன் முடிந்த சில வாரத்தில் மூன்றும் உங்கள் கையில் இருந்தன. மதுரைக்கு மட்டும் வரவில்லை.

முன்கூட்டியே தெரிந்து என்ன ஆகப்போகிறது, வீணாகப் பயமுறுத்துவானேன் என்று ஒரு வாதம் உங்களில் சிலரிடம் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளில் சிரோலிமஸைச் சேர்த்தால் நோய் திரும்பாது என்று நம்பி 500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2016-இல் வந்தது. முதல் சில வருஷம் தெரிந்த பலன் பிறகு தேய்ந்துவிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புதுப் புற்று மருந்துகளை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தால், அந்தச் சக்தி புதுக் கல்லீரலையே தாக்கிவிடும் அபாயம் உண்டு. எல்லாம் தெரியும். அண்ணனுக்கு இரண்டு மாதம் முன்பே பார்த்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு புள்ளியாக இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுக்கலாமா என்று யோசிக்கவாவது இடம் இருக்கும், அவ்வளவுதான். இப்போது மாத்திரையில் இருக்கிறார். உள்ளங்கையும் பாதமும் தோல் உரிகிறது, காபி கசக்கிறது என்கிறார்.

பயம் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடலை மண்டிக்காரர்கள் மழை எவ்வளவு, விலை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எண்ணோடுதான் ராத்திரி படுக்கிறார்கள். அண்ணனிடம் இந்த 5-ஐச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை அப்பவே சொல்லியிருந்தா அந்த நெலத்தை வாங்கியிருக்க மாட்டேனே, ஏத்தா." ஆபரேஷன் முடிந்த வருஷம் கடன் வாங்கி மூன்று ஏக்கர் வாங்கியிருந்தார்.

அதனால் என் விண்ணப்பம். கல்லீரல் புற்றுக்காக மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவர் கையிலும் ஊருக்கு அனுப்பும்போது ஒரு பக்கக் காகிதம், தமிழில், கொடுங்கள். எடுத்த கல்லீரலில் என்ன இருந்தது, மதிப்பெண் என்ன, அடுத்த இரண்டு வருஷத்தில் எந்த மாதம் எந்தப் பரிசோதனை, எவ்வளவு ஏறினால் உடனே கூப்பிட வேண்டும், யாரை. ஏ.எஃப்.பி.யைக் கடைசிவரை ஒரே கூடத்தில், ஒரே மெஷினில், ஒரே அளவையில் பார்க்கச் சொல்லி அதிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். கூடத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன், நான் உங்களில் ஒருத்தி என்ற உரிமையில்: அளவையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓரத்தில் அச்சடிக்காதீர்கள். அப்புறம், வயிறு நிறையக் கட்டி இருக்கும்போது ஏ.எஃப்.பி. சாதாரணம் என்று மெஷின் சொன்னால், ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அளவு மிதமிஞ்சிப் போனால் சில மெஷின்கள் திணறி, குறைவாகக் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலூர்க்காரர் ஒருவர் விஷயத்தில் டாக்டர் போன் போட்டுத் திட்டிய பிறகுதான் நான் இதைக் கற்றேன்.

உயிரோடு இருப்பவரிடம் உறுப்பு வாங்கும் இடத்தில், கொடுப்பவரிடம் தனியாக உட்கார்ந்து, வாங்குபவருக்கு நோய் திரும்ப எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சொல்லுங்கள். பிவ்காவையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இலட்சக்கணக்கில் செலவாகும் ஆபரேஷனில் அந்த ஒரு பரிசோதனை பாரமாகிவிடாது. முதலமைச்சர் காப்பீட்டில் வருபவர்களுக்கும் இது கிடைக்கவேண்டும்.

புது வகைப் பரிசோதனைகள் பற்றியும் ஒரு வார்த்தை. புற்றணு சாகும்போது ரத்தத்தில் சிந்தும் டி.என்.ஏ. துணுக்குகளைப் பிடித்து, ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே நோய் திரும்புவதைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிக்கையோடு வேலை நடக்கிறது. கல்லீரல் புற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் டெர்ட் என்ற மரபணுவின் வாசலில் ஒரே மாதிரி எழுத்துப் பிழை இருப்பதால், தேடுவதற்கு ஒரு குறியும் கிடைத்திருக்கிறது. நுண் ஆர்.என்.ஏ.க்கள், கட்டியின் செல்களில் இருக்கும் கிளிபிகன்-3, சி.கே.19 போன்ற புரதங்கள் என்று பட்டியல் நீள்கிறது. நான் நம்பாதவள் இல்லை. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் ஒரே மருத்துவமனையில், சில டஜன் பேரை வைத்து நடந்தவை. ரீட்ரீட் போல ஆயிரம் பேரில் சரிபார்த்த பிறகு பேசலாம். அதற்குள் மதுரையிலேயே இந்த டி.என்.ஏ. பரிசோதனைக்கு லிக்விட் பயாப்ஸி என்ற பெயரில் வழவழப்பான தாளில் விளம்பரம் வந்துவிட்டது. ஏ.எஃப்.பி.யையே ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க முடியாத ஊரில், நகையை அடகுவைத்து இதைச் செய்துகொள்பவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தச் சரிபார்ப்பில் நம் ஆட்களும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஐரோப்பியரின் கட்டியும் உசிலம்பட்டிக்காரரின் கட்டியும் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஊறும். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான் உலகத்துக்கு அது தெரிந்தது. ஹெபடைடிஸ் பி உள்ளவர் உடம்பில் அது சேர்ந்தால் கல்லீரல் புற்று அபாயம் பல மடங்கு. அந்த நஞ்சு டி.பி.53 மரபணுவில் 249-ஆம் இடத்தில் தன் கைரேகையை விட்டுப்போகும். அண்ணன் முப்பது வருஷம் கடலைத் தூசிக்குள் நின்றவர், சொத்தைக் கடலையைக் காசாக்க மனசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்துத் தின்றவர். அவர் கட்டியில் அந்தக் கைரேகை இருக்கிறதா? கட்டியின் துண்டை மெழுகில் பதித்த பிளாக் உங்கள் அலமாரியில் எங்கேயோ இருக்கிறது. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்தப் பிளாக்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் ரத்தத்தில் ஒரு சிறு பங்கை உறைபெட்டியில் வையுங்கள். யாருக்கு நோய் திரும்பியது, எப்போது, எங்கே என்பதை ஆணையமே ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். 2008-லிருந்து மூளைச்சாவு உறுப்புக் கொடையை ஒழுங்காக வரிசைப்படுத்தி, நாட்டுக்கே வழிகாட்டியவர்கள் நீங்கள். 2023-லிருந்து கொடுத்தவர் உடலுக்கு அரசு மரியாதையும் செய்கிறீர்கள். கொடுத்த உறுப்பு எத்தனை வருஷம் வாழ்ந்தது என்று எண்ணிவைப்பதும் அந்த மரியாதையில் சேர்ந்ததுதான். சம்மதம் கேட்டால் எங்கள் ஆட்கள் மறுக்கமாட்டார்கள். அண்ணன் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார், கையெழுத்து கொஞ்சம் கோணல், விரல் உரிந்திருப்பதால்.

அவருடைய அடுத்த ஏ.எஃப்.பி. வருகிற மாதம் முதல் வாரத்தில். கூடத்தையும் மெஷினையும் நான் முடிவு செய்துவிட்டேன், எண்ணுக்குப் பக்கத்தில் அளவையைச் சிவப்பு மையில் எழுதித்தான் அனுப்புவேன். அதை அனுப்பவேண்டிய ஒரு நம்பரை, பதில் சொல்லும் ஆளோடு, தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பரிசோதனைக்கூட ஊழியர்